செல்லியம்மன் காட்டில் முளைக்காத செடி

வைகாசி 18, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு அமுதவல்லி எழுதுவது. இங்கே அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான வாய்க்கொழுப்பு, மற்றபடி சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் போனில் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. இருமலை அடக்கிக்கொண்டு பேசினால் இந்தப் பக்கம் கேட்காது என்று யார் சொன்னது? மிளகு கஷாயம் வைத்துக் குடியுங்கள். அங்கே மிளகு கிடைக்காது என்று கதை விடாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். தோணிரேவு லோகேஷ் வருகிற புதன்கிழமை கிளம்பி உங்கள் துறைமுகத்துக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் உங்கள் பக்கம் ஓர் அறையில் எட்டுப் பேர், என் பக்கம் அத்தை. அதோடு நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பொய்யாக மாற்றிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

முதலில் ஊர்ச் செய்தி. முகத்துவாரம் மறுபடி மண் மூடிக் கிடக்கிறது. ஏரித் தண்ணீர் உப்பேறிப்போய் இறாலே இல்லை, நண்டு கொஞ்சம் கிடைப்பதால் அடுப்பு எரிகிறது. தெய்வநாயகி அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஆரம்பாக்கம், நல்ல ஆள், ஆனால் மீன் சாப்பிட மாட்டாராம். அக்கா வெளியே சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் மட்டும் சொன்னார். நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் காகிதம் தீர்ந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை போன் செய்தீர்கள். ஆடி மாதம் லீவு கிடைத்துவிட்டது, மூன்று வருஷம் கழித்து வருகிறேன், இறங்கியதும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே காட்டுக்குப் போய் நம் பாப்பாவின் செடியைப் பார்ப்பேன் என்று சொன்னீர்கள். ஆடு கடிக்காமல் சுற்றிலும் வலை கட்டவேண்டும், அம்மாவைப் பழைய வலையில் ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல் என்றீர்கள். அன்றைக்கு மத்தியானமே அத்தை பரணில் இருந்த வலையை இறக்கி, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பொத்தல் எல்லாம் அடைத்து முடித்துவிட்டார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமா, செடி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

உங்கள் ஊர் வழக்கத்தை உங்களுக்கே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நான் சுண்ணாம்புக்குளத்தில் பிறந்தவள், எனக்கு இது தெரியாது. பாப்பாவைக் கொண்டுபோன அன்றுதான் தெரிந்துகொண்டேன். பல் முளைக்காத பிள்ளை இறந்துபோனால், பெற்றவளே தூக்கிக்கொண்டு போய்ச் செல்லியம்மன் காட்டு மணலுக்குள் படுக்க வைக்க வேண்டும், கூடப் பூசாரி மட்டும் வருவார். கல் நடக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, நம் கையால் செடி வைக்கக் கூடாது. ஏதாவது ஒரு பறவை எங்கேயோ பழம் தின்று அந்த இடத்தில் எச்சம் போடும், அதிலிருந்து எது முளைக்கிறதோ அதுதான் பிள்ளை. குப்பன் பெரியப்பா பூசாரி அப்படித்தான் சொன்னார். ஒரு மழைக்குள்ளே வந்துடும், அழாதே, இந்தக் காட்டுல எந்தப் பிள்ளைக்கும் வராம போனதில்ல என்று சொன்னார்.

பாப்பாவைக் கொண்டுபோன நாற்பத்தெட்டாம் நாள் நீங்கள் ஐஸ் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போன் செய்து அழுதீர்கள். ஏதாவது முளைச்சிருக்கா அமுதா என்று கேட்டீர்கள். அன்று காலையில்தான் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், வெறும் மணல். ஆனால் நீங்கள் பாப்பாவைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அவள் இருந்த இருபத்து மூன்று நாளில் உங்களுக்குக் கிடைத்தது அவள் காதில் நான் வைத்துப் பிடித்த போன் மட்டும்தான். நைனா குரல் கேட்டுத் தலையைத் திருப்பினாள் என்று சொன்னேனே, அது நிஜம் மாமா, அதில் சந்தேகப்படாதீர்கள். அப்படிப்பட்டவருக்கு இல்லை என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு இலை விட்டிருக்கு என்று சொல்லிவிட்டேன். எந்தச் செடி என்றீர்கள். நாவல் என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ரெண்டு இலையை நாலாக்கினேன். ஐப்பசி மழைக்குக் கொழுந்து விட்டது என்றேன். ஒருமுறை ஆடு நுனியைக் கடித்துவிட்டது என்று சொல்லி உங்களை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தேன். போட்டோ கேட்டீர்கள். நான் அனுப்பியது பக்கத்து வீட்டுக் கீதா தன் பிள்ளையைப் படுக்க வைத்த இடத்துச் செடி. அது நமக்கு இரண்டு வருஷம் முன்னால், இந்தக் கஷ்டமெல்லாம் வருவதற்கு முன்னால் முளைத்தது. அதைத்தான் நீங்கள் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறீர்கள். என்னைத் திட்டுங்கள். அந்தப் படத்தை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை.

ஏன் முளைக்கவில்லை என்று எனக்குப் போன மாசம் வரை தெரியாது. என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தெரியும். காட்டுக்குப் பறவை வருவதில்லை. நீங்கள் இருந்தபோது வைகாசி என்றால் காட்டுக்குள் பேசினால் பேச்சு கேட்காது. பாலைப்பழம் பழுத்துக் கிடக்கும், மைனாவும் குயிலும் பச்சைப்புறாவும் அடித்துக்கொள்ளும், சாயங்காலம் வௌவால் வரும். இப்போது உள்ளே போனால் பழம் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பழுக்கும் முன்பே விழுகிறது. எடுத்து விண்டு பார்த்தால் உள்ளே சதை இல்லை, வெள்ளைப் புழு நெளிகிறது, கையில் இருந்து துள்ளிக் குதிக்கிறது. பாலை, நாவல், காரை, எதையும் விடவில்லை. பழம் தின்ன வந்த மரநாயைக் காணோம். நரிக்குக் காட்டில் ஒன்றும் கிடைக்காமல் நம் மீன் காயப்போடுகிற இடத்துக்குப் பகலிலேயே வருகிறது. அத்தை கழியோடு காவல் உட்காருகிறார்.

சென்னையில் ஒரு காலேஜில் இருந்து எப்சிபா என்று ஒரு பெண் வருகிறாள். ஆரம்பாக்கத்தில் ரயில் இறங்கி, பஸ் மாறி, அப்புறம் நம் படகில் ஏறி வருவாள். மெலிந்த உடம்பு, முதல் நாள் படகில் வாந்தி எடுத்தாள், அடுத்த வாரமும் வந்து நின்றாள். மரத்தில் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டு அதில் விழுகிற ஈயை எண்ணுகிறாள். இது வேறு தேசத்து ஈயாம். பெயர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. காய்க்குள்ளே ஊசி குத்துகிற மாதிரி முட்டை வைத்துவிடுமாம். பழம் விழுந்ததும் புழு மணலுக்குள் போய்க் கூடு கட்டிக் கோதுமை மணி மாதிரி கிடந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக மேலே வருமாம். இங்கே அதைத் தின்கிற எதிரி இல்லாததால் பெருகிவிட்டது என்றாள்.

அவளுக்கு வழி காட்ட நான்தான் கூடப் போகிறேன். போன மாசம் ஒருநாள் தரையில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, குனிந்து குனிந்து எதையோ தேடினாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். நிமிர்ந்து, அக்கா, இந்தக் காட்டில் மூணு வருஷத்துக்குக் கீழே வயசுள்ள செடி ஒண்ணுகூட இல்லை, பெரிய மரமெல்லாம் நிக்குது, பிள்ளை மரமே இல்லை என்று சொன்னாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தேள் கடித்துவிட்டதோ என்று என் காலைப் பிடித்துப் பார்த்தாள்.

நாளைக்குச் சாயங்காலம் இதைப் பற்றி ஊர்க்கூட்டம். அத்தை கூப்பிடுகிறார், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

மாமா, ஊருக்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. நேற்று என்ன நடந்தது என்பதை எழுத வேண்டுமானால் நீங்கள் போன முறை லீவில் கொண்டுவந்த பழப்பெட்டியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு முறை மூன்றாம் மாசத்திலேயே கலைந்தபின், இந்த முறை ஏழு மாசம் தாண்டினால் இந்த மண்ணில் கண்ணில் படாத பழமாகக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டீர்கள். சொன்ன மாதிரியே ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். தோலில் பூனைமுடி மாதிரி இருந்த மஞ்சள் பழம். அதன் வாசனையில் எனக்கு வாய் ஊறியது. அம்மன் பழத்தைக் கை படாமல் வைக்க வேண்டும், உனக்கு அடுத்த முறை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போனீர்கள். அத்தை குளிக்கப் போனார். நான் பெட்டியைத் திறந்தேன். முகர்ந்து பார்க்கத்தான் எடுத்தேன், சத்தியம். அந்தப் பழம் கொழகொழவென்று இருந்தது, என் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. உள்ளே புழு. ஒன்று தரையில் விழுந்து துள்ளியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அத்தையைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வேண்டுதல் பழத்தில் புழு என்றால் அத்தை ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார், பெட்டியோடு ஏரியில் கவிழ்த்திருப்பார். உப்புத் தண்ணீரில் எல்லாம் அன்றைக்கே செத்திருக்கும். ஆனால் வயிற்றில் ஏழு மாசம். இது நல்ல சகுனம் இல்லை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லி அது என் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பழத்தை அடியில் செருகி, நல்லதை மேலே அடுக்கி, வேப்பிலை போட்டு மூடினேன். மறுநாள் நீங்கள் அதைப் பாலை மரத்தடியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தீர்கள். அம்மன் காட்டில் வைத்தது அங்கேயே கிடக்க வேண்டும், ஒரு சுள்ளிகூட வெளியே வரக்கூடாது. அதனால் அத்தனையும் அங்கேயே அழுகியது.

எப்சிபாவிடம் இதைச் சொன்னபோது, அந்த ஒரு பெட்டியால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது அக்கா, துறைமுகம், மார்க்கெட், லாரி என்று எத்தனையோ வழியில் இது ஊருக்குள் வரும் என்றாள். நல்ல பெண். என் மனசு ஆறட்டும் என்று அப்படிச் சொல்கிறாளோ, நிஜமாகவே அப்படித்தானோ, எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த புழு எனக்குத் தெரியும்.

நேற்றுக் கூட்டத்தில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். விழுகிற பழத்தை எல்லாம் தினமும் பொறுக்கி, காட்டுக்கு வெளியே கொண்டுவந்து, ஏரித் தண்ணீர் நிறைத்த டிரம்மில் மூழ்கடிக்க வேண்டும். மரத்தடி மணலைச் சலித்துக் கூட்டை எடுக்க வேண்டும். நாலைந்து வருஷம் விடாமல் செய்தால் காய் தங்கும், பறவை திரும்பலாம் என்றாள். வரும் என்று சொல்லவில்லை. வரலாம் என்றுதான் சொன்னாள்.

குப்பன் பெரியப்பாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை, ஆனாலும் குரல் அப்படியே இருக்கிறது. இன்னா பேச்சு இது, அம்மன் காட்லேர்ந்து ஒரு சுள்ளி எடுத்ததில்ல, கூடை கூடையா வாரிக்கினு போறதா, அவ காட்ட அவ பாத்துக்குவா என்று எழுந்தார். ஆண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். எப்சிபா முகம் சுருங்கிவிட்டது. பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் போய்விட்டால் அடுத்த பிள்ளைக்கும் செடி முளைக்காது, அதற்கு அடுத்த பிள்ளைக்கும் முளைக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பொம்பளை பேசுவதில்லை என்பது தெரியும். பெட்டியைச் சொன்னேன், புழுவைச் சொன்னேன், மூடி மறைத்ததைச் சொன்னேன். வெச்சது நாங்க, அம்மன் கேக்கட்டும்னா எங்கள கேக்கட்டும், அவ காட்ல புழுவ விட்டது மனுஷங்க, மனுஷங்கதான் பொறுக்கணும் என்று சொன்னேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் நல்ல பழம் என்று நம்பித்தான் வைத்தீர்கள் என்பதையும் சொன்னேன்.  

பெரியப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பொறுக்குங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தண்டனை என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னும் எத்தனை நாள் திருப்புவார்களோ.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒன்றே ஒன்று கேட்டார். அப்போ செடி, என்றார். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். அத்தை அந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டேன், சாப்பிட்டார். பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை.

புதன்கிழமை காலை

லோகேஷ் படகுத்துறையில் பெட்டியோடு நிற்கிறான். இரு, ஒரு பக்கம் எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் அம்மா முறைக்கிறாள்.

நேற்று மத்தியானம் வேலை ஆரம்பித்தது. ஆறு பெண்கள்தான் வந்தோம். தெய்வநாயகி அக்கா கூடையோடு முதல் ஆளாக வந்து நின்றார், மாப்பிள்ளை விஷயத்தை ஊர் முழுக்கச் சொன்னவளே வா என்று என் முதுகில் ஒன்று வைத்தார். நாலு டிரம் நிறைந்தது. புழு மேலே மிதந்து வந்து துடித்தது. பிறகு மணல் சலிக்கும் வேலை. எப்சிபா ஒவ்வொரு மரமாக அடையாளம் காட்டிக்கொண்டே வந்தாள். பெரிய பாலை மரத்துக்கு மேற்கே கையைக் காட்டி, இங்கேயும் என்றாள். அவளுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் இடம் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். தெய்வநாயகி அக்கா எப்சிபாவைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

பாப்பா மேலே இருந்த மணலை நான்தான் அள்ளினேன் மாமா. கரண்டியை எடுக்க மனசு வரவில்லை, கையால்தான் அள்ளினேன். நாலு விரல் ஆழத்துக்கு மேலே போகவில்லை, பயப்படாதீர்கள், அவளைத் தொந்தரவு செய்யவில்லை. கருவாட்டுத் தூள் சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தேன். கூடு வந்துகொண்டே இருந்தது. எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினேன், நூற்றுப் பதினேழு. விதை என்று ஒன்றுகூட இல்லை. சுத்தமான மணலைத் திரும்பப் போட்டு, கையால் தடவிச் சமன் செய்தேன். அவளைக் குளிப்பாட்டித் துவட்டிப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவளுக்கு என்று என் கையால் ஒன்று செய்தேன். நன்றாக அழுதேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் லீவை வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் எனக்கு உயிர் போகிறது. உங்கள் கோபம் எனக்குத் தெரியும், சத்தம் போடாமல் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்துவிடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள் மாமா. கோபத்தை இங்கே வந்து காட்டுங்கள். அடிக்க வேண்டுமானால் வந்து அடியுங்கள், பேசாமல் இருக்க வேண்டுமானால் அத்தையோடு சேர்ந்து பேசாமல் இருங்கள், நான் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறேன். புழு வந்த பழத்தை வாங்கியது நீங்கள் என்று மட்டும் உங்களை நீங்களே கரித்துக்கொட்டிக்கொள்ளாதீர்கள். வாங்கினவருக்குத் தெரியாது. பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

பாப்பா இருக்கும் இடத்தில் கல் இல்லை, செடி இல்லை, பார்த்தால் மற்ற மணல் மாதிரிதான் இருக்கிறது. அந்த இடம் தெரிந்தது பெரியப்பாவுக்கும் எனக்கும்தான். அவருக்குக் கண் போய்விட்டது. நீங்கள் தனியாகப் போனால் பத்து முறை அதைத் தாண்டி நடந்தாலும் தெரியாது. அதனால் நேரே காட்டுக்குப் போகாதீர்கள், முதலில் வீட்டுக்கு வாருங்கள். என்னோடு பேச வேண்டாம், என் பின்னால் நடந்து வந்தால் போதும். நான் போய் எங்கே நிற்கிறேனோ அதுதான் இடம்.

கடலம்மா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
அமுதவல்லி